நாற்பத்தொன்றாவது வாடிக்கையாளர்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் அலுவலக முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் கடை மேல் புகார் எதுவும் இல்லை. போன் செய்தால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். அரசாங்கத் தபாலைப் பிரிக்காமல் எறிகிற துணிவு மட்டும் யாருக்கும் வராது. அதனால் இந்த வழி.

போன செப்டம்பரிலிருந்து தரை கழுவும் திரவம், கழிவறைத் திரவம், தலைச்சாயம், கொசு மருந்து இவற்றின் மேலெல்லாம் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் லேபிள் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்ததே, உங்கள் கடைக்கும் கட்டுக்கட்டாக அனுப்பினார்களே, அதில் உள்ள வாக்கியங்களை எழுதியது நான்தான். ‘தீங்கு விளைவிக்கக்கூடிய வேதிப்பொருள் உள்ளது’ என்று தொடங்கி மொத்தம் ஆறு வரி. ஆறு வரிக்கு ஒன்றரை வருடம் ஆனது. முதல் வரியில் ‘கூடிய’ வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு மட்டும் நான்கு கூட்டம். கடைசியில் ‘கூடிய’ வென்றது.

இப்போது எங்கள் இயக்குநர், லேபிளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, வீண் வேலை, நிறுத்திவிடலாம் என்கிறார். ஏப்ரல் முதல் வாரம் கூட்டம். அதற்குள், கடைக்கு வருகிறவர்கள் லேபிளைப் பார்த்து என்ன செய்கிறார்கள் என்று நான் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் லேபிள் போய்விடும்.

பத்துக் கடைகளுக்குப் படிவம் அனுப்பினோம். ஒன்பது வந்துவிட்டன. ஒன்பதிலும் ஒரே கையெழுத்து, எங்கள் இன்ஸ்பெக்டருடையது. வந்த வாடிக்கையாளர் அனைவரும் லேபிளை முழுமையாகப் படித்துப் பயனடைந்தார்களாம். ஒரு கடையில், அது பூட்டிக் கிடந்த வாரத்திலும் எழுபது பேர் பயனடைந்திருக்கிறார்கள்.

பத்தாவது கடை உங்களுடையது. எனக்குத் தெரிந்தவர்களில் பொய் சொல்ல வராதவர் நீங்கள் ஒருவர்தான். என் கல்யாணப் படத்தைப் பார்த்து, “மாப்பிள்ளை நல்லா விழுந்திருக்கார், நீதான் கண்ணை மூடிட்டே” என்று சொன்ன ஒரே ஆள். படிவத்தை நிரப்பித் தருவீர்களா?

இரண்டு வருடமாக நீங்கள் என்னோடு பேசவில்லை. அதற்குப் படிவத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்
(லேபிள் பிரிவு)

*

பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் படிவமும் கிடைத்தன. தங்கள் அண்ணன் நலம். கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். அரசு முத்திரையைப் பார்த்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பிரித்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வேலையைப் பார்ப்போம். தங்கள் மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது கொடுத்த விருந்தில், நான் கொண்டுவந்த கூடையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, அதன் முதுகில் இருந்ததை முப்பது பேர் முன்னால் சத்தமாகப் படித்து, “இதைப் போட்டா குழந்தைக்கு என்ன ஆகும்னு தெரியுமா அண்ணி?” என்று தாங்கள் வகுப்பு எடுத்ததை நான் மறக்கவில்லை. கடையில் இருந்ததிலேயே நல்ல டப்பாவாகத் தேடி எடுத்து, தூசி தட்டி, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தது அது. அன்று நான் சாப்பிடாமல் கிளம்பினேன். தங்கள் அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

சொல்லியாயிற்று. இனி வேலை.

கல்லாவில் உட்கார்ந்தால் அந்த அலமாரி நேரே தெரியும். மளிகைச் சாமான் எடுக்க வருகிறவர்கள் கடைசியாகத்தான் அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஒரு வாரத்தில் இருபத்து மூன்று பேரைக் குறித்திருக்கிறேன். ‘முழுவதும் படித்தார்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் கூட விழவில்லை. ‘பார்த்தார்’ என்ற கட்டத்தில் ஒன்பது. அவர்களும் என்ன பார்த்தார்கள் என்று எழுதத் தங்கள் படிவத்தில் இடம் இல்லாததால் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சிலவற்றை இங்கேயும் தருகிறேன்.

பஸ் டிரைவர் ஒருவர் மஞ்சளைப் பார்த்ததும் ஆசையாக ஓடிவந்தார். “ஆஃபரா? எத்தனை பர்சென்ட்?” என்று கேட்டார். ஆபத்து என்றேன். “அவ்வளவுதானா?” என்று ஏமாற்றத்தோடு ஒன்று எடுத்துக்கொண்டு போனார்.

பள்ளி ஆசிரியை ஒருவர் பாட்டிலைத் திருப்பி, லேபிளைப் பார்த்து, முகம் சுளித்து, அதை அலமாரியில் வைத்துவிட்டு, பின்வரிசையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதுவும் அதேதான். ஆனால் அதில் லேபிள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. நிம்மதியாகப் போனார்.

மெக்கானிக் ஒருவர் தன் நண்பரிடம் சொன்னது: “லேபிள் ஒட்டினதை எடுடா. ஒட்டாததுல வெறும் தண்ணி. கவர்மெண்டே ஆபத்துன்னு எழுதிக் குடுத்திருக்குன்னா கறை எப்படிப் போகும் பாரு!” இருவரும் ஆளுக்கு இரண்டாக எடுத்தார்கள். தங்கள் லேபிளால் விற்பனை கூடியிருக்கிறது என்பதை இந்த இடத்தில் நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைச்சாயம் வாங்கிய அம்மா ஒருவரிடம் நானே சுட்டிக் காட்டினேன். “தலைக்கு மேலதானே பூசறேன், உள்ள இருக்கறதுக்கு என்ன ஆகப்போவுது?” என்றார். அவர் ஒரு வழக்கறிஞர். அதனால் நான் வாதாடவில்லை.

தரைத் திரவத்தில் தங்கள் லேபிளை ஒட்டுவதும் நான்தான். இருபது லிட்டர் கேன்களாக வரும். பின்னறையில் உட்கார்ந்து ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊற்றி, மூடி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று ஒட்டுகிறேன். இதுவரை ஆயிரத்துக்கு மேல் ஒட்டியிருப்பேன். கோணாமல் ஒட்டுகிறேன் என்று இன்ஸ்பெக்டரே பாராட்டினார்.

தங்கள் உண்மையுள்ள,
கடை உரிமையாளர்

*

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

இருபத்து மூன்றில் பூஜ்யம். உங்கள் படிவத்தை மேசை மேல் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது கடைகளின் நூற்றுக்கு நூறைப் பார்த்துப் புளித்துப்போன கண்ணுக்கு அந்த நிஜமான பூஜ்யம் எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? பக்கத்து மேசைக்காரர், “இதை வெச்சு லேபிளைக் காப்பாத்தப் போறீங்களா?” என்று கேட்டார். காப்பாற்ற முடியாதுதான். ஆனால் நிஜம் என்ன என்றாவது எனக்குத் தெரியட்டும்.

இப்போது பவுடர் டப்பா.

அண்ணி, அதைப் பற்றி இரண்டு வருடத்தில் பதினோரு கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதல் பத்தியில் மன்னிப்பும் இரண்டாம் பத்தியில் அந்தப் பவுடரில் என்ன இருந்தது என்ற விளக்கமும் இருந்தன. இரண்டாம் பத்தியை எடுக்கிற பக்குவம் வர இவ்வளவு நாள் ஆயிற்று. அன்று நான் படித்துக் காட்டியது டப்பாவை இல்லை, எனக்கு எவ்வளவு தெரியும் என்பதை. வேலையில் அப்போதுதான் லேபிள் பிரிவுக்கு வந்திருந்தேன். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. எதைத் தொட்டாலும் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை முப்பது பேர் முன்னால் உங்கள் தலையில் கொட்டினேன். உங்களைத் தனியாக அழைத்துக் காதோடு சொல்லியிருக்கலாம். அந்த ரிப்பனையாவது முதலில் பார்த்திருக்கலாம். மன்னித்துவிடுங்கள்.

இரண்டாம் பத்தி கிடையாது.

‘தங்கள்’ என்று எழுதாதீர்கள். எங்கள் இயக்குநருக்கே நான் அப்படி எழுதுவதில்லை. நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு வயது பதினொன்று. தலையில் பேன் பார்த்தவர் நீங்கள். உங்களிடமிருந்து ‘அதிகாரி அவர்கள்’ என்று கடிதம் வந்தால் பியூன்கூடச் சிரிக்கிறார்.

படிவத்துக்கு ஒரு சின்ன மாற்றம்: நீங்களாகச் சுட்டிக் காட்ட வேண்டாம். யாராவது படித்துக் காட்டச் சொன்னால் மட்டும் படியுங்கள். வாங்கு என்றோ வாங்காதே என்றோ சொல்ல வேண்டாம்.

உங்கள் பாப்பா

*

மார்ச் 4

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். உன் அண்ணனும் படித்தார். “ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? நல்லதாப் போச்சு, நான் நடுவுல மாட்டிக்கிட்டு ரெண்டு வருஷமா அவளுக்குத் திருட்டுப் போன் பேசிட்டிருந்தேன்” என்றார். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார் பாவம். மாடிப்படியில் நின்று ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும் குரல் அது.

பதினோரு கடிதத்தைக் கிழித்தாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒன்றையாவது அனுப்பியிருந்தால் இரண்டாம் பத்தியோடு சேர்த்தே மன்னித்திருப்பேனே. போகட்டும். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

இந்தப் பதினைந்து நாளில் இன்னும் பதினெட்டுப் பேர். நேற்று ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். அவன் லேபிளின் முதல் வரியை அவளுக்குச் சத்தமாகப் படித்தான். அவள், “உங்க அம்மா வருஷக்கணக்கா இதைத்தானே ஊத்தறாங்க, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?” என்றாள். அவன், “அதைத்தான் நானும் யோசிக்கறேன்” என்றான். பிறகு இருவரும் பாட்டிலை மறந்து வேறு விஷயம் பேசிக்கொண்டே போய்விட்டார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஒரு புதிய திரவம் வந்திருக்கிறது. பச்சை எழுத்தில், ‘இதில் ரசாயனமே இல்லை’ என்று போட்டிருக்கிறது. நுரைக்கிறது, மணக்கிறது, கறையை எடுக்கிறது, ஆனால் ஒன்றுமே இல்லை. அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று நிதானமாகப் படிக்கிறார்கள் பாப்பா! உன் ஆறு வரியைப் படிக்க நேரமில்லாதவர்கள் அதன் இருபது வரியையும் படிக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினால் யாருக்கும் பிடிக்கவில்லை. உள்ளே என்ன இல்லை என்று எழுதினால் எல்லோரும் வாசகர்கள். அடுத்த முறை உன் லேபிளில், ‘இந்தப் பாட்டிலில் பாம்பு, தேள், கண்ணாடித் துண்டு கிடையாது’ என்று தொடங்கிப் பார்.

நாற்பதாவது ஆள் ஒரு தையல்கார அம்மா. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். “என்னமோ மஞ்சளா ஒட்டியிருக்கே, படிம்மா” என்றார். படித்தேன். நான் அதை முழுக்கப் படித்தது அதுதான் முதல் தடவை. ஆயிரம் ஒட்டியிருக்கிறேன், ஒன்றுகூடப் படித்ததில்லை. ஒட்டுகிறவள் கண்ணுக்கு ஓரம் நேராக இருக்கிறதா என்பதுதான் தெரியும். ஐந்தாவது வரியில் எனக்கு இருமல் வந்து நின்றுவிட்டேன். “என்னம்மா, அதை நீயே குடிச்சிட்டியா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டு போனார்.

நாற்பத்தொன்றாவது வாடிக்கையாளர் மட்டும் முழுவதும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். படிவத்தில் எழுதியிருக்கிறேன். உன் கூட்டத்துக்கு ஒரு டிக்காவது கிடைத்ததே என்று சந்தோஷப்படு. அந்த ஆளைப் பற்றி மேற்கொண்டு விவரம் கேட்க வேண்டாம்.

அண்ணி

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

விவரம் கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்கவில்லை. படிவத்தை மட்டும் பார்த்தேன்.

வரிசை எண் 41. படித்த நேரம்: இருபத்தைந்து நிமிடம். படித்த இடம்: பின்னறை.

உங்கள் பின்னறை எனக்குத் தெரியும் அண்ணி. சுற்றிலும் அலமாரி, நடுவில் கேன்கள், ஒரு முக்காலி. அண்ணன்கூடப் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். எந்த வாடிக்கையாளரும் அங்கே போய் முக்காலியில் உட்கார்ந்து இருபத்தைந்து நிமிடம் ஆறு வரி படிக்க முடியாது. பொய் சொல்ல வராதவர் நீங்கள் என்று எழுதினேன். மறைக்கவும் வரவில்லை. நாற்பத்தொன்று நீங்கள்தானே?

அண்ணனுக்குப் போன் செய்தேன். “இருமலா? ஒண்ணரை வருஷமா இருக்கு. முதல்ல பயந்தேன், அப்புறம் கடை ஷட்டர் சத்தம் மாதிரி பழகிப்போச்சு” என்றார். படி ஏறும்போது நடுவில் நிற்கிறீர்களாமே. கேட்டால் தெருவை வேடிக்கை பார்ப்பதாகச் சொல்கிறீர்களாம். அந்தப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது.

ஐந்தாவது வரியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும், நான் எழுதியது. ‘மூடிய அறையில் தினமும் கையாள்பவர்களுக்கு நீடித்த இருமல், மூச்சிறைப்பு, நெஞ்சு இறுக்கம் வரலாம், உடனே மருத்துவரைப் பார்க்கவும்.’ அதை எழுதும்போது எங்கோ ஒரு தொழிற்சாலையில் முகமூடி போட்ட ஓர் ஆள்தான் என் மனதில் இருந்தார். என் அண்ணி முக்காலியில் உட்கார்ந்து கேனைச் சாய்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் எழுதினேன், உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை.

அறிக்கை, கூட்டம், லேபிள் எல்லாம் கிடக்கட்டும். நீங்கள் நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். இது லேபிள் பிரிவு சொல்வதில்லை, பாப்பா சொல்வது. போகவில்லை என்றால் லீவு போட்டுவிட்டு நானே வந்து உட்கார்ந்துவிடுவேன். என் சமையல் உங்களுக்குத் தெரியும்.

பாப்பா

*

மார்ச் 22

என் பாப்பாவுக்கு,

உன் சமையலுக்குப் பயந்து மறுநாளே போய்விட்டேன்.

ஆமாம், நான்தான். அந்த அம்மா போனதும் பின்னறையில் போய் உட்கார்ந்து படித்தேன். இருமல், மூச்சிறைப்பு, நெஞ்சு இறுக்கம். என்னை யாரோ பார்த்து எழுதின மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லோரையும் படிவத்தில் எழுதிவிட்டு, படித்த ஒரே ஆளை விட்டுவிட்டால் அது பொய்க் கணக்கு ஆகிவிடாதா? அதனால் எண் போட்டு என்னையும் சேர்த்தேன். உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

டாக்டர் சின்ன வயது. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். உள்ளே ஒரு முள் நகரும். என் வயதுக்கு நகர வேண்டிய தூரத்தில் பாதிதான் நகர்ந்தது. “என்ன வேலை பண்றீங்க?” என்றார். கடை என்றேன். “கடைல என்ன பண்றீங்க?” என்றார். கேன் விஷயத்தைச் சொன்னேன். “யார் சொல்லி இப்ப வந்தீங்க?” என்றார். பாட்டில் சொல்லி வந்தேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். லேபிளைப் படித்துவிட்டு வந்த முதல் நோயாளி நான்தானாம். அவரும் அதைப் படித்ததில்லையாம். என் பையிலிருந்த பாட்டிலை வாங்கிப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்காங்களே!” என்றார். என் நாத்தனார் என்று சொன்னேன். ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னேன்.

இன்னும் ஒரு வருடம் இப்படியே ஊற்றிக்கொண்டிருந்தால் மருந்துக்கு அடங்காமல் போயிருக்கும், இப்போது வந்ததால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார். காலையும் மாலையும் மருந்தை உறிஞ்சச் சொல்லியிருக்கிறார். கேன் தொழிலை அன்றே நிறுத்திவிட்டேன். இனி மூடி போட்டு வருகிற பாட்டில் மட்டும்தான். பின்னறை அலமாரி ஒன்றை உன் அண்ணன் நகர்த்தினார். அதன் பின்னால் ஒரு ஜன்னல்! இத்தனை வருடமாக அங்கே ஜன்னல் இருப்பது அவருக்குத் தெரியாது. “இது நம்ம ஜன்னலா?” என்று கேட்டார்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உன்னைத் திட்டி எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் வரும். ஒன்றரை வருடம் உட்கார்ந்து, ஆறு வரிக்கு ஆள் ஆளிடம் மல்லுக்கு நின்று, கடைசியில் அது என் கைக்கே வந்து, நானே ஒட்டி, நானே படித்தேன். நீ முகம் தெரியாத யாருக்கோ பார்த்துப் பார்த்து எழுதினதில் நான் பிழைத்தேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

கூட்டம் என்றைக்கு? அறிக்கையில் என்னை ‘ஒரு வாடிக்கையாளர்’ என்று எழுதாதே. கடைக்காரி என்றே எழுது. படிவத்தை நம்ப மாட்டார்கள் என்றால் நானே வந்து சொல்கிறேன். இருமிக் காட்டச் சொன்னால் அதற்கும் தயார், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அண்ணி

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நீங்கள் கூட்டத்திலிருந்து பாதியில் கிளம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நீங்கள் இருந்தவரை நடந்தது மினிட்ஸில் ஏறிவிட்டது. “உங்க கடைல இதுவரை மொத்தம் எழுபத்தெட்டு பேர்ல முழுசாப் படிச்சவங்க ஒருத்தர்தானேம்மா?” என்று இயக்குநர் கேட்டதும், “ஆமா சார். அந்த ஒருத்தி நானா இருக்கறதால எனக்கு அது கம்மியாத் தெரியலை” என்று நீங்கள் சொன்னதும் அப்படியே இருக்கிறது. மினிட்ஸ் எழுதுகிறவர், ‘உறுப்பினர்கள் படிவத்தை மீண்டும் ஒருமுறை படித்தனர்’ என்று சேர்த்திருக்கிறார். எங்கள் கூட்டங்களில் யாரும் எதையும் படித்ததாகப் பதிவாவது இதுதான் முதல் முறை.

நீங்கள் போனதும் எல்லோரும் டீ குடித்தார்கள். அப்போது வராந்தாவிலிருந்து இருமல் சத்தம். தினமும் கேட்கிறதுதான். தரை துடைக்கிற அக்கா. இயக்குநர் டீயைக் கீழே வைத்தார். அவரை உள்ளே கூப்பிட்டார்.

“எத்தனை நாளா இருமல்?”

“எந்த இருமல் சார்? போன வருஷத்துதா, இந்த வருஷத்துதா?”

“எதைப் போட்டுத் துடைக்கறீங்க?”

அக்கா வாளியோடு பாட்டிலையும் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். மஞ்சள் லேபிள் பளிச்சென்று இருந்தது. இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார், ஆறு வரியும். அந்த லேபிளுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். படித்து முடித்துவிட்டு, “இதை யார் எழுதினது?” என்றார். நான் எழுந்து நின்றேன். “அஞ்சாவது வரியை ஏன் அஞ்சாவதா வெச்சீங்க?” என்றார். முதல் நான்கும் கூட்டத்தில் முடிவானவை, ஐந்தாவது மட்டும்தான் நானாக எழுதியது, அதனால் கீழே போய்விட்டது என்றேன். “மேல கொண்டு வாங்க” என்றார்.

வராந்தா ஜன்னல்கள் பெயிண்ட் அடித்து ஒட்டிக் கிடந்தன. அன்றே ஆள் வந்து பெயர்த்துத் திறந்தார்கள். அக்காவை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்று அவர் என் மேசைப் பக்கம் வந்து, “கடை வெச்சிருக்கற அந்தம்மா உங்க சொந்தமா? நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டேன்.

உத்தரவு இன்று வந்தது. ‘மறு உத்தரவு வரும்வரை லேபிள் தொடரலாம்.’ நீங்கள் இதைக் கேட்டுக் கவலைப்படக் கூடாது. எங்கள் துறையில் மறு உத்தரவு வந்ததாகச் சரித்திரமே இல்லை. நிரந்தரம் என்பதை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்.

இன்ஸ்பெக்டரின் ஒன்பது படிவங்களையும் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உங்களுடையதைத்தான் பின்பக்கத்தோடு நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். மெக்கானிக் சொன்னதைப் படித்து இயக்குநர் சிரித்தார். பிறகு, தன் வீட்டிலும் அப்படிச் சொல்லித்தான் வாங்குவதாக ஒப்புக்கொண்டார்.

அண்ணி, இத்தனை வருடத்தில் நான் எழுதிய எதையும் யாரும் படித்து எனக்குப் பதில் சொன்னதில்லை. நீங்கள் படித்தீர்கள். படித்ததோடு எழுந்தும் வந்தீர்கள், அத்தனை பேர் முன்னால், உங்கள் இருமலோடு. எப்படி ஈடு செய்வேன் என்று தெரியவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது? முள் நகர்ந்ததா?

பாப்பா

*

ஏப்ரல் 15

பாப்பாவுக்கு,

முள் முக்கால் தூரம் போய்விட்டது. டாக்டர் கை கொடுத்தார். உன் அண்ணனும் குழாயை வாங்கி ஊதிப் பார்த்தார், என்னைவிட அதிகமாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள. போகிறது. இரண்டு நாளாக அந்தப் பெருமையில் இருக்கிறார்.

அந்தத் துடைக்கிற அக்காவை நான் விசாரித்ததாகச் சொல். இருமலுக்கு வருஷக் கணக்கு வைத்திருக்கிற ஆள் என்றால் எனக்குச் சொந்தம் மாதிரிதான். மருந்து உறிஞ்சினால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும், அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடையில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. நேற்றும் ஒருவர் ஆஃபரா என்றுதான் கேட்டார். நான் எதுவும் வற்புறுத்துவதில்லை. பாட்டிலைக் கையில் கொடுக்கும்போது, “ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு ஊத்துங்க, நான் மூடி வெச்சு ஊத்தி மாட்டிக்கிட்டேன்” என்று மட்டும் சொல்கிறேன். லேபிளைப் பார்க்காதவர்கள்கூட என்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள். சிலர் அப்புறம் பாட்டிலைத் திருப்புகிறார்கள். நீ வேண்டுமானால் படிவம் அனுப்பு, குறித்துத் தருகிறேன்.

ஈடு செய்வதாம், ஈடு. எனக்கும் உனக்கும் நடுவில் என்ன ஈடு? ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து சேர். நான் சமைக்கிறேன். இந்த முறை எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் கலைய வேண்டும்.

நுரையீரலுக்குப் பயிற்சி என்று டாக்டர் என்னைத் தினமும் பத்துப் பலூன் ஊதச் சொல்லியிருக்கிறார். ஊதியதை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. வீடு முழுக்கப் பலூன். உன் அண்ணன் கதவைத் திறந்தால் இரண்டு தெருவுக்கு ஓடிவிடுகிறது. எல்லாவற்றையும் உன் மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ‘மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டாம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அவற்றை உயரத்தில், ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருப்பேன். அண்ணாந்து பார்க்கட்டும். அவளுக்கு மூன்று முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதுவரை ஊதிக்கொண்டிருப்பேன்.

அண்ணி